பூ பிராக்கெட்டுக்குள் ஒரு சைபர்

அந்த அக்கா யாருடைய பாத்திரத்தையும் காலியாகத் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. என் டப்பாவில் எலுமிச்சை சாதம் கொண்டுபோய்க் கொடுத்தால், அடுத்த வாரம் அதே டப்பா பளிச்சென்று கழுவித் துடைத்து வரும். உள்ளே ஏதாவது இருக்கும். ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, கொஞ்சம் பச்சைமிளகாய், ஒரு கொத்து கறிவேப்பிலை. ஒன்றுமே அகப்படாத ஒரு வாரம், தைத்து மிஞ்சிய ஜமிக்கிகளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, "பாப்பாக்கு குடு, பொம்மைக்கு ஒட்டிக்கும்" என்று வைத்திருந்தார். ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். என் அம்மாவும் செய்வாள், மாமியாரும் செய்வார். ஆனால் இந்த அக்காவுக்கு அது வழக்கம் இல்லை, வியாதி. கணக்கு நோட்டு வரைக்கும் பரவியிருந்தது.

அவரை நான் சந்தித்தது ஆவடியில், செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே இருந்த ஒரு சென்டரில். வாசல் போர்டில் டைப்பிங், ஸ்போக்கன் இங்கிலீஷ், டியூஷன் என்று ஊரில் உள்ள எல்லாம் எழுதியிருக்கும். பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதுகிறவர்களுக்குச் சனி, ஞாயிறு மதியம் அங்கே வகுப்பு நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலும் பள்ளியில் கணக்கில் கோட்டைவிட்ட விடலைகள். அவர்களுக்கு நடுவில் புடவை கட்டியவர்கள் இரண்டே பேர்: நானும் அந்த அக்காவும். நாங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது சிநேகத்தால் இல்லை. கடைசி பெஞ்சில்தான் எங்கள் இருவருக்கும் முழங்கால் இடிக்காமல் இருந்தது.

எனக்கு அப்போது முப்பத்தைந்தை நெருங்கும் வயது. அவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பூந்தமல்லியில் வீடு. புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, ஒரு கையில் நோட்டு, மறு கையில் சாப்பாட்டுக் கூடையோடு பஸ்ஸிலிருந்து இறங்குவார். கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்வது அவர் தொழில். மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் முத்துமாகக் குத்தி எடுக்கிற வேலை. அவரைப் பத்தாவது பரீட்சைக்கு முன்பே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, ஆவடியில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஆரி சொல்லிக்கொடுக்க ஆள் கேட்கிறார்கள் என்று போய் நின்றிருக்கிறார். கைவேலையைப் பார்த்து அசந்துபோனவர்கள், பத்தாவது பாஸ் இல்லாமல் எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

"சம்பளத்துக்கின்னு இல்லம்மா," என்றார் என்னிடம். "அங்க பொண்ணுங்கல்லாம் மிஸ்ஸு மிஸ்ஸுன்னு கூப்டுதுங்க. என்னை இத்தினி வருசமா தையக்காரம்மான்னுதான் கூப்டுகினு கீறாங்க. மிஸ்ஸுன்னு ஒரு தபா காதால கேட்டுடணும்."

அவர் வந்த காரணம் அது. நான் வந்த காரணத்தைச் சொல்ல எனக்குப் பல வாரம் பிடித்தது.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அப்பா, "பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிருக்கா" என்று சொல்லிவிட்டார். நான் பத்தாவதில் கணக்கில் ஃபெயில். மறுபடி எழுதி, மறுபடியும் ஃபெயில். அப்பா சொன்னதை நான் மறுக்கவில்லை. காபி தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி, மகள் பிறந்து, கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. வேலை கிடைத்து, திருநின்றவூரில் வாடகை ஃபிளாட்டுக்கு வந்து, மாமியாரும் எங்களோடு வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பொய் எங்களோடுதான் குடியிருந்தது. மகள் கணக்கில் ஏதாவது கேட்டால் கணவர், "அம்மாகிட்ட கேளு, அவ மேத்ஸ் குரூப்" என்பார். அப்பா சொல்லாத குரூப்பை யார் சேர்த்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பத்தாவதை ரகசியமாக முடித்து, பிறகு ப்ளஸ் டூவையும் முடித்துவிட்டால் பொய்யைப் பின்வாசல் வழியாகப் போய் உண்மையாக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நான் போட்ட கணக்கில் எது சரியாக வந்திருக்கிறது, இது வருவதற்கு? வீட்டில் ஆரி கிளாஸ் என்று சொல்லிவிட்டு ஆவடிக்கு ரயில் ஏறினேன்.

இதைக் கேட்டதும் அக்கா பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். "ஆரி கிளாஸா? அத்த சொல்லிட்டு எங்கிட்ட வந்து உக்காந்துகினு கீறியா? யம்மா, இது எங்க போய் முடியுமோ!"

முன் பெஞ்சுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. நான் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

அதுதான் அவரிடம் எனக்கு ஒவ்வாத விஷயம். வெட்கம் என்ற ஒன்று அவரிடம் பேருக்கும் இல்லை. சார் ஒரு கணக்கைப் போட்டு முடித்து, "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே வாயை மூடிக்கொண்டிருக்கும். அந்த அமைதியை அவரால் தாங்க முடியாது. அதிலும் எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும். "புரில சார். முதல்லேர்ந்து வாங்க" என்பார். விடலைகள் கொல்லென்று சிரிக்கும். சார் மறுபடி போடுவார். "இன்னும் புரில சார்." எனக்கும் புரிந்திருக்காதுதான். ஆனாலும் அவர் பக்கத்தில் இருப்பதால் என்னையும் சேர்த்து நினைப்பார்களே என்று பெஞ்சில் ஒரு சாண் தள்ளி உட்காருவேன். சார் இரண்டாம் முறை போடும்போது மட்டும் மளமளவென்று எழுதிக்கொள்வேன். எனக்குக் கணக்கு வந்ததே அவர் கேட்ட கேள்விகளால்தான்.

சார் சின்ன வயதுக்காரர், இன்ஜினியரிங் முடித்தவர். ஒன்பதாவது பாடத்திலிருந்து வந்தால்தான் பத்தாவது ஏறும் என்று கணங்களில் ஆரம்பித்தார். சமன்பாட்டைப் போட்டு முடித்து, எக்ஸ் இவ்வளவு என்று எழுதி நிறுத்துவது அவருக்குப் பிடிக்காது. விடையைக் கணமாக எழுத வேண்டும். அதாவது நெளிந்த அடைப்புக்குறிக்குள் போட்டுக் காட்ட வேண்டும். நாங்கள் அதைப் பூ பிராக்கெட் என்போம். எக்ஸோடு இரண்டைக் கூட்டினால் ஐந்து என்றால், ஒரு பூ பிராக்கெட் போட்டு, உள்ளே மூன்று. எக்ஸ் எப்படிப்பட்ட எண் என்பதையும் பார்க்க வேண்டும். இயல் எண் என்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று போகிறவை மட்டும்தான்.

அக்காவுக்கு இந்தப் பாடம் உயிர். அவர் போடுகிற பூ பிராக்கெட்டைப் பார்க்க வேண்டுமே! நான் போட்டால் முறிந்த கொக்கிபோல இருக்கும். அவர் ஒரே இழுப்பில், இரண்டு பக்கமும் அச்சாக ஒத்துப்போகிற மாதிரி, ரவிக்கைக் கழுத்துக்கு வரைகிற நெளிவாகப் போடுவார். எக்ஸ் ஸ்கொயர் ஒன்பது என்றால் மூன்றும் விடை, மைனஸ் மூன்றும் விடை என்று சார் எழுதியபோது, "ஒரே ஊட்ல அண்ணன் தம்பி. ஒருத்தன் சாது, ஒருத்தன் சிடுமூஞ்சி" என்றார். எந்த எண்ணைப் போட்டாலும் சரியாக வருகிற சமன்பாடு ஒன்று வந்தது. "இது கல்யாண ஊடு. யார் வேணா வந்து குந்தலாம்" என்றார். அன்று சாரே சிரித்துவிட்டார்.

ஒரே ஒரு இடத்தில்தான் அவர் முரண்டு பிடித்தார். எக்ஸோடு ஐந்தைக் கூட்டினால் மூன்று. எக்ஸ் இயல் எண். எந்த இயல் எண்ணைப் போட்டாலும் அது நடக்காது. அப்படியென்றால் விடை வெற்றுக் கணம். பூ பிராக்கெட்டைத் திறந்து, உள்ளே எதையும் வைக்காமல் மூடிவிட வேண்டும். அக்கா ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு சைபர் வைத்தார்.

"சைபர் வெச்சா, சைபர்னு ஒரு விடை இருக்குன்னு ஆயிடும்க்கா," என்பார் சார். "இங்க விடையே கிடையாது. காலியா விடுங்க."

"காலியா எப்டி சார் குடுக்கறது? திருத்தறவங்க இன்னா நினைப்பாங்க? இவளுக்கு ஒண்ணும் தெரில, வெறுமனே நீட்டிட்டான்னு நினைக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க. காலிதான் சரியான விடை."

"நீங்க சொல்றீங்க. எனக்கு மன்சு கேக்கலையே."

தப்பு என்று தெரியும். தெரிந்துதான் வைத்தார். ஒரு பாத்திரத்தை வெறுமனே நீட்டக் கூசுகிற கை அது. பொட்டுக்கடலை மாதிரி ஒரு சைபரையாவது போட்டால்தான் மூடும்.

இப்படி இருந்த நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து நாங்கள் படி இறங்கினோம். கீழே, செல்போன் கடை வாசலில், காய்கறிப் பையோடு என் மாமியார் நின்றிருந்தார். ஆவடி மார்க்கெட்டுக்கு வந்தவர், மாடியிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்துவிட்டார்.

"இங்கதான் கிளாஸா? இவங்க யாரு?"

மாமியார் என்னைப் பார்க்கிறார், நான் அவர் பையில் இருந்த முருங்கைக்காயைப் பார்க்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். அக்காவுக்கு அமைதி ஆகாது என்றுதான் சொன்னேனே.

"நான்தாம்மா ஆரி மிஸ்ஸு," என்றார்.

சொல்லிவிட்டுத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். குரலே மாறிவிட்டது. இன்னா, கீது எல்லாம் எங்கோ போய், பள்ளிக்கூட டீச்சர் மாதிரி, "உங்கள் மருமகள் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள்" என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று பயந்தேன். ஆனாலும் சிரிப்பும் வந்தது.

மாமியார் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். "வணக்கம் மிஸ். இவ வீட்டுல ஒண்ணையும் காட்ட மாட்டேங்கறா. வருதா, வரலையான்னே தெரியல."

ரயிலடிக்குப் போகும் வழியில் திரும்பிப் பார்த்தேன். அக்கா பஸ் ஸ்டாப்பில் நின்றபடி தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "உன் மாமியா என்னை மிஸ்ஸுன்னு சொன்னாங்க, கேட்டியா?" என்பதுதான். பிறகு கூடையிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கொடுத்தார். மாங்காய் டிசைன், பாதி போட்டது. "இத்த எட்த்துகினு போய்க் காட்டு. வெறுங்கையோட ஊட்டுக்குப் போவாத."

அதன்பிறகு நான் வெறுங்கையோடு போகவே இல்லை. ஒரு வாரம் கைப்பகுதி, ஒரு வாரம் கழுத்து என்று ஏதாவது கொடுத்துவிடுவார். ஆரம்ப கால வேலை மாதிரி தெரிய வேண்டும் என்று அங்கங்கே வேண்டுமென்றே கோணலாகக் குத்துவார். அவர் கைக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை. மாமியார் அவற்றை எதிர் ஃபிளாட்டுக்கும் மேல் மாடிக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருவார். கடைசியில், என் நாத்தனாரின் நிச்சயதார்த்த ரவிக்கையை நான்தான் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். என்னால் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். துணியை வாங்கி மடித்து, அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பரீட்சை வருதேக்கா. உங்களுக்குப் படிக்க நேரம் வேணாமா?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டேதான் துணியையும் நீட்டினேன்.

"உடு. மிஸ்ஸு இல்ல நானு? உன் நாத்தனா மேடையில குந்தும்போது மிஸ்ஸு பேரு கெடலாமா?"

ராமர் பச்சையில் முத்தும் தங்க ஜரிகையுமாக அந்த ரவிக்கை வந்தது. அதில் ஒரு கோணல்கூட இல்லை. கோணல் போட மனம் வரவில்லை என்றார். நிச்சயதார்த்தத்தில் ஆளாளுக்கு என் கையைப் பிடித்து, விரல்களைத் திருப்பிப் பார்த்தார்கள். ஊசி குத்திய தடம் ஒன்றுகூட இல்லாத விரல்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பு போட்டோவில் இருக்கிறது. இப்போது அந்த ஆல்பத்தை யாராவது எடுத்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

நாத்தனாருக்கு ஆசை வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன் இருக்கிற நாட்களில் அதே மிஸ்ஸிடம் ஆரி கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். மாமியார் என்னிடம் சொல்லவில்லை. எனக்கும் மிஸ்ஸுக்கும் சேர்த்து ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பூ, ஆப்பிள், ஒரு ரவிக்கைத் துணி எல்லாம் வைத்து மகளையும் கூட்டிக்கொண்டு படி ஏறி வந்தார்.

அந்த நேரம் அக்கா போர்டில் நின்றிருந்தார். சார்தான் கூப்பிட்டிருந்தார். எக்ஸோடு ஏழைக் கூட்டினால் நான்கு. எக்ஸ் இயல் எண். தீர்வுக் கணம் எழுதுங்கள். அக்கா அழகான பூ பிராக்கெட் ஒன்று போட்டு, உள்ளே சைபர் வைத்துவிட்டுத் திரும்பினார். வாசலில் என் மாமியார், தாம்பாளத்தோடு. நாத்தனார் முகமெல்லாம் சிரிப்பாக, "பாரும்மா, மிஸ் போர்டுல எழுதறாங்க" என்றாள்.

சார் வாசலைக் கவனிக்கவில்லை. "அக்கா, எத்தனை முறை சொல்றது? அழிங்க அதை" என்றார். பையன்கள் சிரித்தார்கள். அக்கா டஸ்டரைத் தேடவில்லை, விரலாலேயே சைபரை அழித்தார். பிராக்கெட் காலியாக நின்றது. சார், "அவ்ளோதான். போய் உக்காருங்க" என்றார்.

அக்கா போர்டிலிருந்து பெஞ்சுக்கு வந்தார். சின்ன ஹால்தான், நடக்கப் பெரிய தூரம் இல்லை. அந்த நடையில் மாமியாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்கா வந்து உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் நான் இருந்தேன், மடியில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தோடு. அக்காவுக்கு வெட்கமே கிடையாது என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று அவர் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார். விரல் நுனியில் சாக்பீஸ் தூள் இருந்ததைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார். மாமியார் தாம்பாளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

வீட்டில் நான் அழுதேன், எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, "இதையா இத்தனை வருஷம் மறைச்சே?" என்றார். அவ்வளவுதான் அவருக்கு. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று எனக்கே அசிங்கமாகப் போய்விட்டது. மாமியாருக்கு அப்படி இல்லை. எதிர் ஃபிளாட்டிலும் மேல் மாடியிலும் சம்பந்தி வீட்டிலும் பெருமை பேசியவர் அவர். இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? கோபத்தை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். மருமகள்மேல் வைத்தால் தினமும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

"நீ கூடத் தேவலை," என்றார் ஒரு நாள். "அந்தப் பொம்பள கூசாம நடுரோட்டுல நின்னு மிஸ்ஸுன்னு சொன்னா பாரு. அவதான் உன்னைக் கெடுத்திருக்கா."

இல்லை அத்தை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் எனக்கு வீட்டில் மூச்சுவிட முடிந்தது. மாமியார் மறுபடி எனக்குத் தட்டுப் போட்டார். நான் சாப்பிட்டேன்.

பரீட்சை எழுதினேன். எதையும் ஒளிக்காமல், கணவர் வாழ்த்துச் சொல்லி அனுப்ப, ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். நானும் அக்காவும் ஒன்றாக விண்ணப்பித்ததால் எங்களுக்கு அடுத்தடுத்த எண்கள். எனக்கு முன்னால் இருந்த மேசை கடைசிவரை காலியாக இருந்தது. வெற்றுக் கணத்தில் ஒரு கேள்வி வந்திருந்தது. பிராக்கெட்டைத் திறந்து மூடினேன், கோணலாக வந்தது. பாஸ் செய்துவிட்டேன். அக்காவுக்கு ஒரு முறை போன் செய்தேன். "நல்லா கீறேன்மா. பாப்பா நல்லா கீதா?" என்றார். பயிற்சி நிலையத்தில் வேறு யாரோ சேர்ந்துவிட்டார்களாம். பரீட்சைக்கு ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

தாம்பாளம் திரும்பிப் போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பூந்தமல்லியிலிருந்து பஸ் மாறி, விலாசம் விசாரித்துக்கொண்டு, கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு. மாமியார்தான் கதவைத் திறந்தார். நான் அடுப்படி வாசலில் நின்றுவிட்டேன்.

"தப்பு எம்மேலதாம்மா," என்றார் அக்கா. இந்த முறை டீச்சர் குரல் இல்லை. "உங்க மருமக ஒண்ணும் சொல்லல. நான்தான் வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். அவள கோச்சிக்காதீங்க. சேமியா கேசரி, நெய்யிலதான் செஞ்சிகீறேன். புள்ளைக்கு குடுங்க."

உள்ளே வாங்க என்று மாமியார் சொல்லவில்லை. மிஸ் என்றும் சொல்லவில்லை. "ஏம்மா, வேற வேலை இல்லையா உனக்கு?" என்று கேட்டுவிட்டு, டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டு என்னைத் தாண்டி அடுப்படிக்குள் வந்தார். கேசரியை ஒரு கிண்ணத்தில் வழித்துப் போட்டார். டப்பாவைத் தேய்த்துக் கழுவினார், துணியால் துடைத்தார், மூடினார். அவருடைய கையும் பாத்திரத்தை வெறுமனே கொடுத்துப் பழகாத கைதான். சர்க்கரை டப்பா இருந்த அலமாரிப் பக்கம் ஒரு நொடி திரும்பினார். பிறகு நேராக வாசலுக்குப் போய் நீட்டிவிட்டார்.

நான் சர்க்கரை டப்பாவை எடுத்துத் திறந்துகொண்டு அவர் பின்னாலேயே போனேன். ஒரு ஸ்பூன் போதும். அக்கா அதற்குள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டார். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, கை பழக்கம். காலி டப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த சர்க்கரையைப் பார்த்தார். மாமியாரும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"உடும்மா," என்றார் அக்கா என்னிடம். "காலியா கீற எடத்துல காலியாத்தான் உடணும்னு சார் எத்தினி தபா சொன்னாரு. எனக்குத்தான் ஏறல. இப்ப ஏறிச்சு."

டப்பாவை மூடிக் கூடையில் வைத்துக்கொண்டு, மாமியாரிடம், "வரேம்மா" என்றார்.

மாமியார் கதவைச் சாத்தினார். நான் சர்க்கரை டப்பாவை இறுக்கி மூடி, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன்.